பழைய காரை மாற்றுவதா, கடனை முடிப்பதா: காகிதத்தில் போட வேண்டிய கணக்கு

12 ஆண்டுகள் ஓடிய காருக்கு மெக்கானிக் 48,000 ரூபாய் மதிப்பீடு எழுதிக் கொடுக்கும் நாளில்தான், ‘இவ்வளவு செலவழிப்பதற்கு வேறு காரே வாங்கிவிடலாமே’ என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் தொடங்குகிறது. அது ஆயுத பூஜையோ தீபாவளியோ நெருங்கும் காலமாக இருந்துவிட்டால், பேச்சு ஷோரூம் வாசல் வரைக்கும் போய்விடும். அந்த வாசலுக்குப் போகும் முன், ஏற்கெனவே கடன் உள்ள ஒரு குடும்பம் செய்ய வேண்டிய கணக்கை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இதற்கு ஒரு தாளும் பேனாவும் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரும் போதும்.

திருச்சியில் ஒருவர் சம்பளத்தில் வாழும் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அக்குடும்பத்தின் வரவு செலவு எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. உங்கள் எண்களை அந்த இடங்களில் பொருத்திக்கொள்ளுங்கள்.

படி 1: கடன்களை ஒரே தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு கடனுக்கும் நிலுவைத் தொகை, வட்டி விகிதம், மாதத் தவணை, இன்றே முழுவதையும் கட்டினால் விதிக்கப்படும் கட்டணம் ஆகிய நான்கையும் எழுத வேண்டும். கடைசி விவரம் பலருக்கும் நினைவில் இருக்காது; கடன் ஒப்பந்தத்தைப் பார்த்தோ வங்கிக் கிளையில் கேட்டோ அறிந்துகொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு மூன்று கடன்கள் இருக்கின்றன.

கிரெடிட் கார்டு நிலுவை 60,000 ரூபாய். வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம்.
தனிநபர் கடன் மீதி 2,40,000 ரூபாய். வட்டி 14 சதவீதம், மாதத் தவணை சுமார் 10,400 ரூபாய், இன்னும் 27 மாதங்கள்.
நகைக் கடன் 1,50,000 ரூபாய். வட்டி 10 சதவீதம், மாதத் தவணை கிடையாது.

உறவினரிடம் வாங்கிய கைமாற்றும், கடையில் தவணைக்கு எடுத்த குளிர்சாதனப் பெட்டியும் கூட இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். வட்டி இல்லாத கைமாற்று என்றாலும், கொடுத்தவர் கேட்கும் மாதத்தில் அது உங்கள் வரவைத் தொடும்.

படி 2: மாத இறுதியில் உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு?

கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுச் செலவையும் தற்போதைய தவணையையும் கழியுங்கள். பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், தீபாவளித் துணி போன்ற ஆண்டுச் செலவுகளை 12 ஆல் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்குத் தனிநபர் கடன் தவணை போக மாதம் 17,000 ரூபாய் மிஞ்சுகிறது; கார்டுக்கும் நகைக்கும் இதிலிருந்துதான் கட்டியாக வேண்டும். சேமிப்புக் கணக்கில் 40,000 ரூபாய் இருக்கிறது. மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்கு உரிய அந்தப் பணத்தைக் காருக்கும் தொடக் கூடாது, கடனுக்கும் தொடக் கூடாது.

படி 3: காரின் முழு விலையைக் கணக்கிடுங்கள்

விளம்பரத்தில் காண்பது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் காப்பீடும் பதிவுக் கட்டணமும் சேராத விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுட்காலச் சாலை வரி 13 சதவீதம். ஆகவே 7,50,000 ரூபாய் காருக்கு வரி மட்டும் 97,500 ரூபாய் ஆகும். காப்பீட்டுக்கும் பதிவுக்கும் மற்றவற்றுக்கும் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கார் வீட்டு வாசலுக்கு வரும்போது அதன் விலை 8,92,500 ரூபாய். பழைய காரை விற்று வரும் பணத்தில் 92,500 ரூபாயை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதி 8 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 16,800 ரூபாய். ஐந்து ஆண்டில் கட்டும் வட்டி சுமார் 2,08,000 ரூபாய். அந்த ஐந்தாம் ஆண்டில், கார் பழசாகும்போது அதன் மதிப்பை எவ்வளவு குறைப்பது என்று காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணை அதே காரின் மதிப்பில் 50 சதவீதத்தைக் கழித்துவிட்டிருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, செஸ் வரியும் நீங்கியது. விலை இறங்கியது உண்மைதான். ஆனால் உங்கள் கார்டு நிலுவைக்கான 42 சதவீத வட்டி அதனால் இறங்கவில்லை என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு வழிகளையும் அருகருகே வையுங்கள்

மாதம் 17,000 ரூபாய் மிஞ்சுகிறது, கார் தவணை 16,800 ரூபாய்தான், ஆகவே கட்டிவிடலாம் என்று மனம் சொல்லும். ஷோரூமில் உங்களுக்காகப் போட்டுக் காட்டப்படும் கணக்கும் இதுவே. அது தவறாவது இந்த இடத்தில்தான்: கார்டு நிலுவைக்கு மாத வட்டி 2,100 ரூபாய், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378 ரூபாய், ஆக மொத்தம் 2,478 ரூபாய், நகைக் கடனுக்கு மாத வட்டி 1,250 ரூபாய். கார் தவணை போக மிஞ்சும் 200 ரூபாயை இதில் கழித்தால், அசலில் ஒரு ரூபாயும் குறையாமல் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவார்கள்? அதே கார்டைக் கொண்டுதான். அப்படியானால் அந்தக் கார் வாங்கப்படுவது 9.5 சதவீத வட்டியில் அல்ல. அதன் ஒரு பகுதி 42 சதவீத வட்டியில் வாங்கப்படுகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடுத்த வழி. பழைய காரையே வைத்துக்கொண்டு 17,000 ரூபாயையும் கார்டுக்குக் கட்டினால் நான்காம் மாதம் அது முடிந்துவிடும். அதன்பின் அந்தத் தொகையை நகைக் கடனுக்குத் திருப்பினால், இடையில் சேர்ந்த வட்டியையும் சேர்த்து 14ஆம் மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும். அப்போது தனிநபர் கடனில் சுமார் 1,25,000 ரூபாய் மீதி இருக்கும். பழைய தவணையும் 17,000 ரூபாயும் சேர்ந்த 27,400 ரூபாயை மாதந்தோறும் அதில் செலுத்தினால் 19 அல்லது 20 மாதங்களில் குடும்பத்துக்குக் கடனே இருக்காது. காரின் கடன் அறுபது மாதம். இது இருபது மாதம்.

படி 5: எந்தக் கடனை முதலில் முடிப்பது?

வட்டி அதிகமானதை முதலில் முடி என்பது பொது விதி. கார்டு விஷயத்தில் அதற்கு மறுபேச்சே இல்லை. ஆனால் 14 சதவீதத் தனிநபர் கடனை விட்டுவிட்டு 10 சதவீத நகைக் கடனை இரண்டாவதாக வைத்ததைக் கவனித்திருப்பீர்கள். நிலையான வட்டியில் வாங்கிய தனிநபர் கடனை முன்கூட்டி அடைத்தால் பல நிறுவனங்கள் மீதித் தொகையில் சில சதவீதத்தை ஜிஎஸ்டியோடு கட்டணமாகப் பெறுகின்றன. அந்தக் கட்டணம் 4 சதவீதம் என்றால், இரண்டே ஆண்டுகள் மிச்சமுள்ள கடனில் கிடைக்கும் லாபத்தில் கணிசமான பகுதி அதற்கே போய்விடும். இரு கடன்களுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். இதற்கு மேல் எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: நகைக் கடனில் தவணை இல்லாததால் ஆண்டுக்கு ஒருமுறை வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது, ஒருமுறை தவறினால் நகை ஏலத்துக்குப் போகலாம். முன்கட்டணமே இல்லாத தனிநபர் கடன் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

படி 6: பழைய காருக்கு உண்மையில் என்ன தேவை?

48,000 ரூபாய் மதிப்பீட்டை அப்படியே ஏற்க வேண்டாம். மெக்கானிக்கிடம் அதை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், கிளட்ச் ஆகியவை ஒரு பக்கம். பெயின்ட், சீட் உறை, மியூசிக் சிஸ்டம், பம்பர் கீறல் ஆகியவை மறுபக்கம். முதல் பக்கம் 30,000 ரூபாய் வந்தால், கடனில்லாத நாள் இரண்டு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவே. உயிரோடு தொடர்புடைய அந்தப் பக்கத்தில் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்காதீர்கள். கடனை வேகமாக அடைக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில் தேய்ந்த டயரோடு நெடுஞ்சாலையில் போகும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

படி 7: மாற்றியே ஆக வேண்டிய நிலை

அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தாலோ, எஞ்சின் பழுது காரின் விலையையே தாண்டினாலோ, காரில்தான் பிழைப்பு நடக்கிறது என்றாலோ, மாற்றுவதே சரி. அப்போதும் வரிசையைக் கைவிட வேண்டாம். பழைய காரை 1,10,000 ரூபாய்க்கு விற்க முடிந்தால், அதில் 60,000 ரூபாயைக் கொண்டு கார்டை அன்றே முடித்துவிடுங்கள். மீதி 50,000 ரூபாயை முன்பணமாக வைத்து 3,50,000 ரூபாய்க்குள் பயன்படுத்திய கார் ஒன்றைப் பாருங்கள். 3 லட்சம் கடனுக்கு 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 10,100 ரூபாய். மீதி 6,900 ரூபாயை நகைக்குக் கட்டினால் 24, 25 மாதங்களில் அதுவும் மீளும்.

பயன்படுத்திய காருக்குக் கடன் கேட்கும்போது ‘8 சதவீதம்தான், பிளாட் வட்டி’ என்று சொல்வார்கள். எனக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் அப்படித்தான் சொன்னார்கள். குறைவாக இருக்கிறதே என்று நம்பிக் கையெழுத்திடும் நிலைக்கு வந்துவிட்டேன். பிளாட் வட்டியில், நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறைவதில்லை. கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது. ஐந்தாண்டுக் கடனில் 8 சதவீத பிளாட் வட்டி என்பது, குறையும் நிலுவைக் கணக்கில் 14 சதவீதத்துக்கும் சற்று மேல். 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். அதைக் கையில் வாங்கிப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

காரைப் பார்க்கும்போது ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் எத்தனையாவது உரிமையாளர், வங்கி அடமானம் பதிவாகியுள்ளதா, கட்டப்படாத அபராதம் உள்ளதா என்பதைச் சரிபாருங்கள். சென்னைப் பதிவெண் என்றால் கால்விரிப்பைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துருவும் மண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின.

படி 8: கடன் முடிந்த மாதத்தில்

தவணை நின்றவுடன் அந்த 27,400 ரூபாயை அதே தேதியில் தொடர் வைப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். ஓராண்டில் அசல் மட்டும் 3,28,800 ரூபாய் சேரும். பழைய கார் விற்ற பணத்தையும் சேர்த்தால், நல்ல நிலையில் உள்ள பயன்படுத்திய காரைக் கடனின்றியே வாங்கலாம், அல்லது புதிய காரின் விலையில் ஏறக்குறைய பாதிக்கு மட்டும் கடன் வாங்கலாம். பழைய காரை விற்கும்போது, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடிச் சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்க மறக்காதீர்கள். அது காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டு இழப்பீடு கோராதவருக்கு, அடுத்த காரின் சொந்தச் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும்.