16 கோரா, 24 கோரா?

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர். எத்தனை கோர் வேண்டும் என்று பிராசசர் வாங்கும் முன் கடைக்காரரைக் கேட்காதீர்கள், விண்டோஸில் இருக்கும் டாஸ்க் மேனேஜரைக் கேளுங்கள். தினமும் செய்கிற வேலையை ஓடவிட்டு, அதில் சிபியு (பிராசசர்) வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து லாஜிகல் பிராசசர் (விண்டோஸ் கணக்கில் ஒரு வேலை அலகு) வாரியாகத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரியுங்கள். பாதிக் கட்டங்கள் சும்மா கிடந்தால் கோரைக் கூட்டிப் பயனில்லை; சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருள் தரும் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணைப் பாருங்கள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சிபியு ரெண்டர் (பிராசசரை வைத்தே படத்தை உருவாக்குவது) போட்டால் எல்லாக் கட்டமும் நிரம்பும். அங்கே கோருக்கு மதிப்பு உண்டு.

அப்புறம் விலை. ஏஎம்டி நிறுவனத்தின் 16 கோர் பிராசசர் ரைசன் 9 9950எக்ஸ் 2024-இல் 649 டாலருக்கு வந்தது. அதே நிறுவனத்தின் 24 கோர் த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ் 2023-இல் 1,499 டாலருக்கு. கோர் ஒன்றரை மடங்கு, விலையோ இரண்டு மடங்குக்கு மேல். இதோடு போகுமா? த்ரெட்ரிப்பருக்குத் தனி மதர்போர்டு, 350 வாட் சூட்டைத் தாங்கும் கூலர், ஆர்டிம் (சர்வர்களில் போடும்) வகை ரேம் எல்லாம் வேண்டும். என்னிடம் இருந்த சாதா டிடிஆர்5 ரேம் அதில் சேராது என்பது பில் போடும் நேரத்தில்தான் தெரிந்தது, நல்லவேளை!

நான்கு சேனல் ரேமும் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே நான்கு பாதை), இரண்டு மூன்று கிராபிக்ஸ் கார்டு போடுமளவு லேன்களும் (கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே தகவல் போகும் தடங்கள்) வேண்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் காசு. எனக்கு ஒரு கார்டு, 64 ஜிபி. சரி, ரைசனே போதும் என்று வாங்கிவிட்டேன்.