முன் சஸ்பென்ஷன் மாற்றியாச்சா? நூலும் தூக்குக்குண்டும் வைத்து அலைன்மென்ட் பார்க்கும் முறை

ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி அலையாமல் திரும்ப வேண்டும் என்றுதான் முன்பக்கத்துக்குப் புது ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் உள்ள தண்டு), ஸ்பிரிங், லோயர் ஆர்ம் (சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கை) எல்லாம் வாங்கிப் போடுகிறோம். நானும் அதற்காகத்தான் போட்டேன். ஆனால் பாகம் மாறியதுமே சக்கரத்தின் கோணங்களும் மாறிவிடுகின்றன. அவற்றைச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் புது டயர்கூட ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிவிடும். இங்கே சொல்வது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தண்டாகச் சேர்ந்த அமைப்பு) உள்ள சின்னக் கார்களுக்கு.

மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே வெளியே சாய்வது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரமும் மூக்கை உள்ளே திருப்பியிருந்தால் டோ இன், வெளியே திருப்பியிருந்தால் டோ அவுட். பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் திரும்பும் அச்சின் சாய்வு கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இந்தக் கேஸ்டரால்தான்.

முதலில் புஷ்

பலரும் தவறவிடும் இடம் இது. லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறைதான் புஷ். அதன் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். எனக்கு முதல்முறை வேலை செய்த பட்டறையில் அப்படித்தான் இறுக்கிவிட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் புது புஷ் கிழிந்துபோனது. போல்ட்டைக் கையளவுக்கு மாட்டி, சக்கரத்தைத் தரையில் ஊன்றி, வண்டியை நாலுமுறை அமுக்கி விட்டு, அப்புறம் இறுக்குங்கள். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

அடுத்து, நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை), பால் ஜாயின்ட் (லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சேரும் மூட்டு), பேரிங் எதிலாவது ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது வீண்வேலை.

கேம்பர்

சமதரையில் நிறுத்திக்கொண்டு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை சக்கரத்தின் வெளிமுகத்தை ஒட்டித் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்பு எவ்வளவு தூரம், கீழ் விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 14 அங்குல ரிம்மில் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வித்தியாசம் வந்தால் அது ஒரு டிகிரி. மாற்ற வேண்டுமானால், ஸ்ட்ரட்டின் அடியில் உள்ள இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, துளையில் இருக்கும் சிறு இடைவெளியில் நகர்த்திப் பாருங்கள். அது போதாவிட்டால் கேம்பர் போல்ட் (சாய்வை மாற்றுவதற்கென்றே வரும் தனி போல்ட்) போடலாம். எண்ணைவிட இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

கேஸ்டரைத் திருப்பிச் சரிசெய்ய இந்தக் கார்களில் பெரும்பாலும் வழி இல்லை. இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் ஆர்ம் வளைந்திருக்கிறதா, சப்ஃபிரேம் (ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) நகர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

டோ, கடைசியாக

கேம்பரைத் தொட்டால் டோ மாறும், அதனால்தான் இது கடைசி.

ஒரே நீளத்தில் இரண்டு குழாய் எடுத்து, நூல் உட்கார, இரண்டிலும் ஒரே இடைவெளியில் இரண்டிரண்டு காடி வெட்டுங்கள். ஒன்று வண்டிக்கு முன்னால், ஒன்று பின்னால். இரண்டுக்கும் நடுவே, சக்கரத்தின் மையத்து உயரத்தில், இருபுறமும் கொத்தனார் நூலை இழுத்துக் கட்டுங்கள். முன் சக்கர மையத்திலிருந்து நூல் இடம் வலம் சமமாக இருக்கும்வரை குழாய்களை நகர்த்துங்கள். பின் சக்கரத்துக்கும் அதே மாதிரி.

ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டிவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளக்கவும். முன் விளிம்பு 1 மில்லிமீட்டர் அதிகத் தள்ளி இருந்தால் அந்தச் சக்கரத்தில் அவ்வளவு டோ இன். பல சின்னக் கார்களுக்கு இது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் காருக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

மாற்ற, டை ராட் லாக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் பூட்டின் கிளிப்பை எடுத்துவிட்டு, ராடை கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டியரிங் கோணாது. ஒவ்வொருமுறையும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்கவும். இல்லையென்றால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய்க்கணக்கு சொல்லும். முடிந்ததும் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

ஓட்டிப் பார்த்தல்

புது ஸ்பிரிங் ஒரு வாரத்தில் கொஞ்சம் அமரும். அதன்பின் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் ஒருமுறை சரிபார்த்து, சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாள் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓமலூர் பக்கம் நேரான சாலையில் போகும்போது வண்டி லேசாக இடப்பக்கம் சரிவது கோளாறு அல்ல. தண்ணீர் வடிவதற்காகச் சாலையே அப்படிச் சாய்ந்திருக்கும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது முன் சக்கரங்களில் பாரம் கூடும். சின்ன கியரில், மெதுவாகப் பிரேக் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் தடவும்போது ரம்பப் பல் போல உறுத்துவதாகவும் இருந்தால் டோ இன்னும் சரியாகவில்லை. நூலை மறுபடி கட்டுங்கள்.