இரண்டு கயிற்றைச் சேர்க்க 'பெண்டு' போடும் விதம்

சைக்கிள் கடையில் 'ரிம் பெண்டு எடுக்கணும்' என்றால் வளைந்ததை நிமிர்த்தணும் என்று அர்த்தம். அந்த ஒரே அர்த்தத்தைத் தெரிந்துகொண்டுதான் நான் குளச்சலிலிருந்து கப்பல் வேலைக்குப் போனேன். முதல் கப்பல், கரையோடு கட்டுகிற நேரம். போசன் (டெக் ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி) மெல்லிய வீச்சுக் கயிற்றையும் கை மொத்தமுள்ள வடத்தையும் காட்டி 'பெண்டு பண்ணு' என்றார். நான் வடத்தின் முனையை மூச்சைப் பிடித்து வளைத்து, ஒரு வட்டமாக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வீச்சுக் கயிறு கரைக்குப் பறந்தது. அங்கே நின்றவர்கள் இழுத்தார்கள். கயிறு முழுசாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. வடம் என் கையிலேயே இருந்தது. போசன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கப்பலில் பெண்டு என்றால் கயிற்றோடு கயிற்றைக் கட்டுவது. வளைவு என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்த அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் 'பெண்ட்' என்றாலே கட்டு, விலங்கு. 'பெண்டன்' என்ற வினைச்சொல் வில்லுக்கு நாண் ஏற்றுவதைக் குறித்தது. நம் குமரி மாவட்டத்தில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாணை ஒரு முனையில் கட்டி, மறுமுனைக்கு இழுத்து மாட்டும்போதுதான் கம்பு வளைகிறது. கட்டினால்தான் வளைவே. காலப்போக்கில் கரையில் இருந்த இங்கிலீஷ்காரர்கள் கட்டுவதை மறந்து வளைவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கப்பல்காரர்கள் கட்டுவதை விடவில்லை. கப்பல் பாயைக் கம்பத்தில் கட்டுவதையும், கொடியைக் கயிற்றில் மாட்டுவதையும் அவர்கள் இன்றும் 'பெண்டு' என்றுதான் சொல்கிறார்கள்.

இங்கிலீஷில் பைண்ட் (கட்டுதல்), பாண்ட் (பிணைப்பு), பேண்ட் (கட்டுகிற பட்டை) எல்லாம் அதே குடும்பம். சமஸ்கிருத 'பந்த'வுக்கும் மூலம் ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் நம் வீட்டுச் சம்பந்திக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் தூரத்து உறவு. கட்டும் விஷயத்தில் நாமும் அவர்களுக்கு ஒரு சொல் கொடுத்திருக்கிறோம்: நம் கட்டுமரம், 1697ல் அச்சான வில்லியம் டாம்பியரின் பயணக் குறிப்புகளில் 'கேட்டமரான்' ஆகிவிட்டது.

இப்போது முடிச்சுக்கு வருவோம். பெண்டுகளில் முதலில் படிக்க வேண்டியது 'ஷீட் பெண்ட்'. ஷீட் என்றதும் துணி என்று நினைக்காதீர்கள். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிற்றுக்குத்தான் அந்தப் பெயர். அன்று ராத்திரி போசன் கோபம் தணிந்து, ஒரு துண்டுக் கயிற்றில் அதைப் போட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மை திண்ணையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கண்ணிக்குக் கண்ணி போட்ட வலை முடிச்சு! 'மக்கா, நூலை அடியில விடு, மேல விடாத' என்று பத்து வயதிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. தறியில் அறுந்த இழையைச் சேர்ப்பதும் இதே வடிவம்தான்.

பருமனான கயிற்றின் முனையை இடது கையில் மடக்கிப் பிடியுங்கள், கொண்டை ஊசி மாதிரி. அதில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. மெல்லிய கயிற்றின் முனையை மடிப்புக்குள் அடியிலிருந்து மேலே எடுங்கள். குட்டைக் காலைத் தாண்டி, பின்பக்கமாக இரண்டு கால்களையும் சுற்றி, நீளக்கால் பக்கம் முன்னால் கொண்டுவாருங்கள். இனிதான் கவனம்: முனை மறுபடி மடிப்புக்குள் இறங்கக்கூடாது. மடிப்பின் மேலாக வந்து, மடிப்பிலிருந்து எழுந்த தன் இழைக்கே அடியில் நுழையணும். அம்மை சொன்ன 'அடியில விடு' இதுதான்.

இறுக்கும்போது வால்களை (முடிச்சுக்கு வெளியே மிஞ்சுகிற குட்டை முனைகளை) பிடித்து இழுக்காதீர்கள். பருத்த கயிற்றின் இரண்டு கால்களையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, மெல்லிய கயிற்றின் நீளப்பக்கத்தை மறுகையால் இழுங்கள். முடிந்ததும் இரண்டு வால்களும் ஒரே பக்கம் நிற்கணும். எதிரெதிர்ப் பக்கம் நின்றால் சுற்று திசை மாறிவிட்டது. பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் பிடிப்பு குறைவு. பிரித்துத் திரும்பப் போடுங்கள். வால் கயிற்றின் பருமனைப் போல் பத்து மடங்காவது நீளம் இருக்கட்டும். கஞ்சத்தனம் வேண்டாம்.

தும்புக் கயிறு (தேங்காய் நாரில் திரிப்பது) சொரசொரப்பு, ஒற்றைச் சுற்றே பிடிக்கும். நைலான் வழுக்கும். அதற்கும், இரண்டு கயிற்றின் பருமன் ரொம்ப வித்தியாசப்பட்டாலும், கால்களை இன்னொரு தடவை சுற்றி, அதே இழைக்கு அடியில் மறுபடி நுழையுங்கள். இரட்டை ஷீட் பெண்ட் அதுதான். இழுவையில் இருக்கும்வரை பிடிக்கும். தொய்ந்து காற்றில் ஆடினால் தானாகவே தளரும். ஆளைத் தொங்கவிடவோ தலைக்கு மேல் பாரம் தூக்கவோ இதை நம்பாதீர்கள். பார்சல் கட்டுகிற இரட்டை முடிச்சால் இரண்டு கயிற்றைச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வாலைப் பக்கவாட்டில் சுண்டினால் அது உருவிக்கொண்டு வந்துவிடும். அதைப் பெண்டு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெயரை வைத்தும் ஏமாறாதீர்கள். 'ஃபிஷர்மேன்ஸ் பெண்ட்' நங்கூர வளையத்தில் போடுவது. கம்பத்திலோ வளையத்திலோ கட்டினால் இன்றைய கணக்கில் அது 'ஹிட்ச்'. எந்த முடிச்சையும் பெண்டு என்று சொன்ன காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்.

சந்தேகமிருந்தால் முட்டத்திலோ குளச்சலிலோ மணலில் காயும் வலையைக் கேட்டு வாங்கி, ஒரு முடிச்சை நகத்தால் நெகிழ்த்திப் பாருங்கள். மடிப்பும் சுற்றும் கண்ணுக்குத் தெரியும்.

நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்க்கப் பல்லைக் கொண்டு போகாதீர்கள். பருத்த கயிற்றின் மடிப்பு முதுகைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளி நன்றாக வளையுங்கள், மெல்லிய கயிறு உடனே நெகிழும். முதல் நாள் நான் செய்த வேலை இந்த இடத்துக்குத்தான் சரி.