கிணற்று நீச்சல்காரர் மூழ்கிய கப்பல் பார்க்கக் கடலுக்குள் போனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு நீச்சல் என்றால் கிணறுதான். கடல் எல்லாம் டூர் போகும்போது கால் நனைக்கிற இடம். நான் பழகியது காங்கேயம் பக்கம் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மோட்டார் ரூம் திட்டிலிருந்து மாமா தள்ளிவிடுவார். முதல் கோடையில் குடுக்கை கழன்றது. அடுத்த கோடையில் தரை வரைக்கும் முங்கி ஒரு பிடி சேறு அள்ளி வந்து காட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். வெறுங்கையோடு மேலே வந்தவனைச் சாயங்காலம் வரைக்கும் ஓட்டுவார்கள்.

நாற்பதை நெருங்கும்போது, முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபா பழகப் போனேன். "கிணத்துல முங்கி வளர்ந்தவனுங்க" என்று பயிற்சியாளரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரித்தார். "அப்படின்னா உங்களுக்குத்தான் நாள் அதிகமாகும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று முதல் நாளே புரிந்துவிட்டது. கிணறு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஒவ்வொன்றும் கடலுக்கடியில் தப்பு.

இப்போது கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், வார இறுதி லிவ்அபோர்டுக்கு நம் பக்கத்து ஆட்களும் கிளம்புகிறார்கள். வெள்ளி இரவு படகு ஏறி, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்கி, சனி ஞாயிறு முழுக்க மூழ்கிய கப்பல்களையும் பவளப்பாறைகளையும் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு திரும்புவது. நல்ல அனுபவம்தான். ஆனால் கிணற்றையும் திங்கட்கிழமை அவசரத்தையும் கூடவே கொண்டுபோனால் உடம்புக்கு ஆகாது.

முதலாவது, மூச்சு. கிணற்றில் மூச்சடக்குவதுதான் கெட்டிக்காரத்தனம். மேலே இழுத்த மூச்சு கீழே போகப் போகச் சுருங்கும். மேலே வந்தால் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் கதையே வேறு. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்திலேயே சிலிண்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுத்துக்கொள்கிறோம். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் இருக்காது. கடைசி ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றமே நுரையீரலைக் கிழிக்கப் போதும். இது பயத்தில் நடப்பதைவிட ஆச்சரியத்தில் நடப்பது அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஒரு ஆமை முகத்துக்கு நேரே வந்ததும் நான் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துவிட்டேன். உடனே லேசாக மிதக்க ஆரம்பித்தேன். கூட வந்த வழிகாட்டி டைவ் மாஸ்டர் என் காலில் மாட்டிய துடுப்பைப் பிடித்து இழுத்து, வாயருகே விரலைக் காட்டி 'விடு, விடு' என்று சைகை செய்த பிறகுதான் குமிழி விட்டேன்.

இரண்டாவது, தரையை உதைத்து மேலே பாய்வது. கிணற்றில் அதுதான் சுகமே. கடலில் நிமிடத்துக்கு 9 மீட்டர், அதற்கு மேல் வேகம் கூடாது. மேலே வருவதற்கு முன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் சும்மா தொங்க வேண்டும். ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாக வெளியேறத்தான் இவ்வளவு பொறுமை. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் பொங்குமே, அவசரப்பட்டால் அதுதான் உடம்புக்குள் நடக்கும். டிகம்ப்ரஷன் நோய் என்பது அதுதான்.

காதையும் சொல்ல வேண்டும். கிணற்றில் காது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவோம். இங்கே வலிப்பதற்கு முன்பே, இறங்கிய முதல் மீட்டரிலிருந்தே, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக்கொண்டே போக வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஏ.சி. பஸ்ஸில் வந்து மூக்கடைப்போடு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். மாத்திரையின் வேகம் பாதி டைவில் தீர்ந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காதும் சைனஸும் உயிரை எடுக்கும்.

சரி, கப்பலுக்கு வருவோம். கப்பல் டைவில் பலரும் செய்கிற தவறு, வீட்டில் உட்கார்ந்து பெயரைப் பார்த்து மயங்குவது. மலேசியாவின் குவாந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தவை. இரண்டிலும் சேர்த்து 840 பேர் இறந்தார்கள். மட்டக்களப்புக்கு அருகே 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் அப்படித்தான், மனதை இழுக்கும். மூன்றும் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர், அடுத்த நிலையான அட்வான்ஸ்டு என்றால் 30, பொழுதுபோக்கு டைவிங்குக்கே கடைசி எல்லை 40. ஆக, அந்தக் கப்பல்கள் வேறு பயிற்சி, வேறு வாயுக் கலவை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கானவை. ஹெர்மிஸ் போன அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில் கிடக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே தாராளம்.

30 மீட்டர் என்றால் எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,200 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆள், 30 மீட்டரில் நான்கு மடங்கு, அதாவது 80 லிட்டர் இழுப்பார். 50 பார் மிச்சம் வைத்துத்தான் மேலே வர வேண்டும். கழித்தால் இருபது நிமிடம் சொச்சம், அதிலேயே ஏற இறங்கவும் வேண்டும். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை. முதல் கப்பலில் நான் பன்னிரண்டே நிமிடத்தில் மேலே போகச் சைகை காட்டினேன். கூட வந்தவரும் என்னோடு ஏற வேண்டியதாகி, அவர் காசும் போச்சு.

ஆக்சிஜனைக் கூட்டிய காற்றுக் கலவையான நைட்ராக்ஸ் பற்றியும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. ஆக்சிஜன் அதிகமென்றால் இன்னும் ஆழம் போகலாம் என்று நினைப்பார்கள். நேர்மாறு. 32 சதவீதக் கலவையோடு 33 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆக்சிஜனே விஷம். நைட்ரஜன் குறைவாகச் சேரும் என்பதுதான் அதன் லாபம். ஒரே நாளில் மூன்று நான்கு முறை இறங்கும் லிவ்அபோர்டில் அந்த லாபம் பெரிது.

இப்போது அந்தப் பிடி சேறு. சரக்கு அறையின் திறந்த வாய்க்கு மேலே மிதந்து உள்ளே டார்ச் அடித்தேன். தரை பவுடர் போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாமே என்று கிணற்றுப் பழக்கத்தில் காலை ஒரு உதை உதைத்தேன். ஒரே உதைதான். அந்தப் பவுடர் எழும்பி டார்ச் வெளிச்சமே பழுப்புச் சுவராக மாறிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. நான் இருந்தது வெளியே, தலைக்கு மேல் திறந்த கடல். அதனால் பிழைத்தேன். உள்ளே ஒரு அறை தாண்டியிருந்தால் வந்த வழி எது என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பலுக்குள் நுழைய தனிப் பயிற்சி வேண்டும், கயிற்றுச் சுருள் வேண்டும், காற்றை மூன்றாகப் பிரித்து போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதெல்லாம் இல்லாதவர் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளியிலும் துருப்பிடித்த தகடு கத்தி மாதிரி இருக்கும். மீனவர்களின் அறுந்த வலைகள் சுற்றிக் கிடக்கும். ஒரு சின்ன வெட்டுக்கருவி இல்லாமல் கப்பல் பக்கம் போகாதீர்கள்.

கிணற்றிலிருந்து சேறு கொண்டுவருவது சாதனை. கப்பலிலிருந்து ஒரு ஆணி கொண்டுவந்தாலும் திருட்டு. செங்கடலில் 1941 அக்டோபர் 6 அன்று குண்டு விழுந்து மூழ்கிய திஸில்கார்ம் சரக்குக் கப்பலில் ராணுவ பைக்குகளும் லாரிகளும் அடுக்கியபடியே கிடக்கின்றன. நம் ஊர் மெக்கானிக் எவரையும் கிறுக்குப் பிடிக்க வைக்கும் காட்சி. அந்த பைக்குகளின் உதிரிபாகங்களை வந்தவன் போனவன் எல்லாம் கழற்றிக்கொண்டு போய், இப்போது பல வண்டிகள் வெறும் கூடாக நிற்கின்றன. போர்க்கப்பல் என்றால் அது கல்லறையும்கூட.

மீன்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று: கையை வைக்காதீர்கள். உக்கடம் மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடக்கும் பாரையும் சீலாவும் இங்கே கூட்டமாக நம்மைச் சுற்றி வரும், ஒன்றும் செய்யாது. கப்பல் தகட்டோடு தகடாக ஒட்டிக் கிடக்கும் கல்மீன்தான் ஆபத்து. முள் குத்தினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். டைட்டன் ட்ரிகர் மீன் கூடு காக்கும்போது துரத்தும். அதன் எல்லை மேல்நோக்கி விரியும் புனல் மாதிரி. அதனால் மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும்.

லீவு கிடைக்கிற நாளில் கடலும் தயாராக இருக்கும் என்று நம்புவது இன்னொரு தவறு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு சேர்ந்து வரும். ஆனால் மலேசியாவின் தியோமான் தீவுப் பக்கம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, படகே போகாது. பொங்கலுக்குத்தான் முடியும் என்றால் தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் சரி. அந்தப் பூங்கா அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை திறந்திருக்கும். இலங்கையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்குக்கரை, அதற்கப்புறம் கிழக்குக்கரை.

குமட்டலுக்கு மாத்திரை வாங்கினால், படகில் முதல்முறையாகப் போடாமல் வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம் தூக்கமாக வரும். சனிக்கிழமை ராத்திரி பீர் பாட்டிலைத் திறப்பவர்களுக்கு நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? உடம்பில் நீர் வற்றினால் டிகம்ப்ரஷன் நோய்க்கு வழி சுலபமாகும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கடைசியாக, வீடு திரும்பும் வழி. பல நாள், பல டைவ் போட்டால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஞாயிறு காலை 11 மணிக்கு மேலே வந்தால் திங்கள் காலை 5 மணிக்கு முன் விமானம் கூடாது. முதல் தடவை இது தெரியாமல் ஞாயிறு நள்ளிரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், திங்கள் காலை திருப்பூர் ஆபீஸில் இருக்க வேண்டுமே என்று. அதனால் ஞாயிறு முழுக்க மேல்தளத்தில் உட்கார்ந்து, ஈரத்தோடு ஏறி வந்தவர்கள் பார்த்ததைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விமானம் மட்டுமல்ல, மலையும் அதே கணக்குத்தான். இது நம் ஊர்க்காரர்கள் மாட்டுகிற இடம். கர்நாடகக் கடலோரத்து முருடேஸ்வர் போய் நேத்ராணித் தீவில், கரையிலிருந்து போய்வரும் படகிலேயே டைவ் பழகுகிறவர்கள், காரில் மைசூர், ஊட்டி வழியாகத் திரும்புவார்கள். ஊட்டி 2,240 மீட்டர். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கானதே. டைவ் முடித்த அன்றே மலையேறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான். போன வருடம் என் பங்காளி ஒருவன், "ஊட்டில ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமே" என்று வண்டியைத் திருப்பப் பார்த்தான். விடவில்லை. மங்களூர், கோழிக்கோடு என்று கடலோரமாகவே வந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கினோம். டீ வாளையாறில் குடித்தோம். சுமார்தான்.