ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெரிய எஸ்யூவியை உப்புக்காற்றில் வைத்து ஓட்டுவது எப்படி

பழைய ஃபார்ச்சூனரோ பஜேரோவோ வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதல் கேள்வி, "இவ்வளவு ஓடியிருக்கே, தாங்குமா?" என்றுதான் வரும். நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கேட்க வேண்டியது வேறு: வண்டி எங்கே நின்றது, எவ்வளவு காலம் நின்றது? கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கே போனாலும், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆசையாக வாங்கிப் போட்டு ஊருக்கு வரும்போது மட்டும் எடுக்கிற வண்டிகளைப் பார்க்கலாம். மீட்டரில் நாற்பதாயிரம் காட்டும், பெயிண்ட் பளபளக்கும், ஆனால் பிரேக் கட்டையை அழுத்தும் கேலிபர் இறுகி, டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகி, ஏசி கண்டென்சர் தகடு தொட்டால் பொடியாக உதிரும். மதுரை–சென்னை நான்குவழிச் சாலையில் வாராவாரம் ஓடிய வண்டி, சர்வீஸ் பில்லோடு வந்தால், ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் என்றாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

பார்க்கப் போவதென்றால் விடிகாலையில் போங்கள், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது. பழைய ஆடி க்யூ7 மாதிரி, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் காற்றுப்பை கசிந்தால் ராத்திரி முழுக்க நின்றதில் ஒரு மூலை தாழ்ந்து கிடக்கும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் பைக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தூக்கிவிடும், அப்புறம் யாருக்கும் தெரியாது. அந்தப் பை ரப்பர், கிலோமீட்டரைவிட வயதுதான் அதைக் கெடுக்கும். கசிவை அப்படியே விட்டால் கம்ப்ரஸரும் ஓடி ஓடிப் போய்விடும்.

அடுத்து வண்டிக்கு அடியில் படுங்கள். புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். சின்னச் சுத்தியலால் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்ற இடம் மொத்தையாகக் கேட்கும். பிரேக் பைப், பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் இடம், பாடி போல்ட், இவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரிந்தால் 2015லோ 2023லோ சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்து வந்த வண்டியாக இருக்கலாம். அதற்கு மேல் பேச்சே வேண்டாம், திரும்பி வாருங்கள்.

முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் 3.0 டீசலில் இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், டாஷ்போர்டில் அதற்கென்றே விளக்கு எரியும். விளக்கை மட்டும் அணைத்துவிட்டு விற்பவர்களும் உண்டு, அதனால் பில் கேளுங்கள், இல்லையென்றால் மாற்றாத பெல்ட் என்றே கணக்கில் வைத்து விலை பேசுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்கு "ஆயுள் முழுக்கப் போதும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். பிஎம்டபிள்யூ எக்ஸ்5க்கு கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

பேப்பர் விஷயம்: ஆர்.சி.க்கு 15 வருடம், அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லி வண்டி மலிவாகக் கிடைப்பது, அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கு இருக்கும் கெடுபிடியால்தான். என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பாதி கரைந்துவிடும்.

சரி, வாங்கியாச்சு. இனி தண்ணீர்தான் எல்லாம். உப்பைக் கழுவ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், எந்தத் தண்ணீரில் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நம்ம பக்கம் பாதி போர் தண்ணீர் உவர், அதை வைத்து அடியில் பீய்ச்சினால் உப்பு மேல் உப்பு. வாட்டர் சர்வீஸ் விடுகிற இடத்தில் தண்ணீரை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ரேடியேட்டரிலும் குழாய்த் தண்ணீர் கூடாது, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே அடியைக் கழுவுங்கள், கூடவே கண்டென்சரை மெல்லிய நீரில் நனையுங்கள், அழுத்தமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பேட்டரி டெர்மினலையும் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடங்களையும் சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுவது. பழைய சொகுசு வண்டியில் டாஷ்போர்டில் திடீரென்று நாலு விளக்கு ஒன்றாக எரிந்தால் சென்சாரை மாற்றச் சொல்வார்கள், பல நேரம் உப்புப் பூத்த எர்த்தாகத்தான் இருக்கும். வண்டியில் செருகிக் கோளாறைப் படிக்கிற ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர், என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டு போவது வேறு, தெரியாமல் கயிறு கட்டி இழுத்துப் போவது வேறு. ஜெர்மன் வண்டியின் லைட், கண்ணாடி, டிரிம் எல்லாம் கம்பெனி விலையில் கேட்டால் மயக்கம் வரும். பழைய உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு ஆளைப் பழக்கம் பிடித்து வையுங்கள். ஃபோர்டு எண்டெவர் பிடித்திருந்தால் எடுக்கலாம், அந்தக் கம்பெனி 2021ல் இங்கே தயாரிப்பை நிறுத்த முடிவெடுத்ததை நினைவில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு என்ன கிடைக்கும் என்றால், பாம்பன் பாலத்தில் குறுக்குக் காற்று அடிக்கும்போது சின்ன கார்கள் தள்ளாட, உங்கள் இரண்டு டன் அசையாமல் போகும். புதுச் சின்ன கார் விலையில் மாமியார், சித்தப்பா, பிள்ளைகள் எல்லோரும் ஏறி ஏர்வாடி தர்காவுக்கோ தேவிபட்டினத்துக்கோ கால் நீட்டிப் போகலாம். சீமைக்கருவேல முள் பக்கவாட்டில் கோடு இழுத்தால் அன்றைய சாப்பாடு கசக்காது, ஏனென்றால் விலை விழ வேண்டியது எல்லாம் முதல் ஓனர் கையிலேயே விழுந்து முடிந்துவிட்டது. கருவாடு மூட்டையை மட்டும் உள்ளே ஏற்றாதீர்கள், லெதர் சீட்டிலிருந்து அந்த வாடையை எடுக்க இதுவரை யாரும் வழி சொல்லவில்லை.

அப்புறம் மணல். 2017லிருந்து தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, 4x4 இருக்கிறது என்பதற்காகக் கடற்கரையில் இறக்காதீர்கள். அங்கே ஆமைகள் முட்டையிடும், சக்கரத்துக்கு அது தெரியாது. சாலையோரம் ஒதுங்கும்போது தப்பித் தவறி மணலில் சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதித்துக் குழி தோண்டாமல் நாலு டயரிலும் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, மெதுவாகப் போய் இழுவை கூட்டும் லோ ரேஞ்ச் கியர் இருந்தால் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து மெதுவாகப் பின்னால் எடுங்கள். சின்ன ஏர் பம்பு ஒன்று டிக்கியிலேயே கிடக்கட்டும், காற்றைத் திரும்ப ஏற்றிய பிறகுதான் தார்ச்சாலையில் வேகம் எடுக்க வேண்டும்.