சோதனை பாஸ், கம்பைலர் ஃபெயில்: அன்சைன்ட் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக ஒரு சி கம்பைலர் (சி மொழி நிரலை ப்ராசஸரின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருந்தபோது, அன்சைன்ட் எண்களுக்கென்றே (மைனஸ் வராத, 0-இல் தொடங்கும் முழு எண்கள்) நாற்பது சோதனை எழுதி வைத்திருந்தேன். நாற்பதும் பாஸ். ஒரு நாள் சும்மா 4294967295-ஐ 2-ஆல் வகுத்துப் பார்த்தேன். விடையே வரவில்லை, ப்ரோகிராம் க்ராஷ் ஆகி நின்றது.

எக்ஸ்86 ப்ராசஸரில் 32 பிட் வகுத்தலுக்கு, வகுபடும் எண்ணை 64 பிட்டாக இரண்டு ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) பிரித்துக் கொடுக்க வேண்டும். சைன்ட் (மைனஸும் வரக்கூடிய எண்) என்றால் மேல் பாதியைச் சைன் பிட்டால் (எண்ணின் குறியைக் காட்டும் முதல் பிட்) நிரப்ப வேண்டும். அன்சைன்ட் என்றால் அங்கே வெறும் 0 வைக்க வேண்டும். நான் வகுக்கும் கட்டளையை மட்டும் அன்சைன்ட்டுக்கு மாற்றிவிட்டு, மேல் பாதியை நிரப்பும் வரியை அப்படியே விட்டிருந்தேன். 2147483647 வரை சைன் பிட் 0 என்பதால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதைத் தாண்டியதும் மேல் பாதி முழுக்க 1 ஆகிவிடும், ஈவு 32 பிட்டில் அடங்காது, ப்ராசஸர் வகுத்தல் பிழை என்று நிறுத்திவிடும்.

என் நாற்பது சோதனையிலும் பெரும்பாலானவை கூட்டலும் கழித்தலும்தான், அதுவும் சின்ன எண்களில். இதுதான் முதல் தவறு, பலரும் செய்வது. டூஸ் காம்ப்ளிமென்ட் முறையில் (கணினி மைனஸ் எண்களைப் பிட்டுகளில் எழுதும் வழக்கமான முறை) கூட்டல், கழித்தல், பெருக்கலின் கீழ் 32 பிட் ஆகியவை சைன்ட்டுக்கும் அன்சைன்ட்டுக்கும் ஒன்றேதான். கம்பைலர் இரண்டையும் குழப்பிக்கொண்டாலும் இந்தச் சோதனைகள் பாஸ் ஆகும். வித்தியாசம் தெரிவது வகுத்தல், மீதி, வலப்பக்க ஷிஃப்ட் (பிட்டுகளை நகர்த்துதல்), ஒப்பீடு, 64 பிட்டுக்கு அகலப்படுத்துதல், டபுளாக (தசம எண் வகை) மாற்றுதல் ஆகியவற்றில். அங்கேதான் கைவைக்க வேண்டும். எண்களுக்கு 0, 1, 2147483647, 2147483648, 4294967294, 4294967295 என்ற ஆறையும் ஒன்றோடொன்று மோதவிட்டால் ஒரு செயலுக்கு 36 ஜோடி. (0-ஆல் வகுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.)

இரண்டாவது, இரு பக்கமும் மாறிலியாகக் கொடுப்பது. '4294967295யு / 2யு' (யு என்பது அன்சைன்ட் என்பதற்கான குறி) என்று சோதனையில் எழுதினால், பெரும்பாலான கம்பைலர்கள் தொகுக்கும்போதே விடையைப் போட்டு முடித்துவிடும். வகுத்தல் கட்டளையே உருவாகாது. எண்களை வாலடைல் மாறிகளில் (மதிப்பை முன்கூட்டியே ஊகிக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் மாறிகள்) வைத்து ஒரு முறை, மாறிலியாக ஒரு முறை என்று இரண்டையும் ஓட்டி ஒப்பிட வேண்டும். ப்ரீப்ராசஸரின் (தொகுக்கும் முன் நிரலைத் தயார்செய்யும் பகுதி) #இஃப் வரி மூன்றாவது கால்குலேட்டர். அது எப்போதும் இருப்பதிலேயே அகலமான முழு எண் வகையில்தான் கணக்குப் போடும். அதனால் '4294967295யு + 1யு' சாதாரண நிரலில் 0, #இஃப்பில் 4294967296. இரண்டும் சரியே.

வகுப்பான் மட்டும் மாறிலியாக இருப்பது தனிக் கதை. 7-ஆல் வகுக்கச் சொன்னால் நல்ல கம்பைலர் வகுக்காது. ஒரு பெரிய எண்ணால் பெருக்கி ஷிஃப்ட் செய்யும். 32 பிட் அன்சைன்ட்டில் 7-க்கு அந்தப் பெருக்கும் எண் 33 பிட் வேண்டும். அந்த ஒரு பிட்டை ஈடுகட்டக் கூடுதலாக ஒரு கழித்தல், ஷிஃப்ட், கூட்டல் எல்லாம் வரும். இதைத் தவறவிட்டு 2454267027-ஆல் பெருக்கி 34 பிட் ஷிஃப்ட் செய்தால் என்ன ஆகும்? 3435973836 வரை எல்லா விடையும் சரியாக வரும். மேலே சொன்ன ஆறு எண்களுக்கும் சரிதான். ஆனால் 4294967291-க்கு 613566755 வர வேண்டிய இடத்தில் 613566756 வரும். ஆகவே மாறிலியால் வகுத்தலுக்கு, அந்த வகுப்பானின் மடங்குகளுக்கு ஒன்று குறைவான எண்களை, உச்சிக்குப் பக்கத்தில் தேடிக் கொடுக்க வேண்டும்.

சில நேரம் கம்பைலர் சரியாக இருக்கும், சோதனைதான் தப்பு. அன்சைன்ட் ஷார்ட்டில் (வழக்கமாக 16 பிட் வகை) 65535-ஐ 65535-ஆல் பெருக்கினால் "அன்சைன்ட்தானே, சுற்றி வந்துவிடும்" என்று தோன்றும். பெருக்கும் முன் இரண்டும் இன்ட்டாக (சாதாரண சைன்ட் முழு எண் வகை) மாறிவிடும். இன்ட் 32 பிட் என்றால் 4294836225 அதில் அடங்காது, சைன்ட் ஓவர்ஃப்ளோ. அதற்குப் பிறகு கம்பைலர் எதைச் செய்தாலும் ஸ்டாண்டர்டுபடி குறை சொல்ல முடியாது. முன்னால் 1யு-வால் பெருக்கிவிட்டால் தீர்ந்தது. 32 பிட் எண்ணை 32 இடம் ஷிஃப்ட் செய்வதும் இதே ரகம்: எக்ஸ்86 கடைசி ஐந்து பிட்டை மட்டும் பார்ப்பதால் எண் நகராமல் அப்படியே இருக்கும், 32 பிட் ஆர்ம் ப்ராசஸர் 0 தரும்.

-1 < 1யு பொய்யாக வர வேண்டும் (-1-உம் அன்சைன்ட்டாக மாறிவிடும்). அந்த 1 அன்சைன்ட் சாராக (8 பிட் வகை) இருந்தால், அது இன்ட்டாக மாறிவிடுவதால், உண்மையாக வர வேண்டும். இந்த ஜோடியைச் சேர்த்தே வையுங்கள்.

விடையை %டி (எண்ணைச் சைன்ட்டாக அச்சிடும் குறி) போட்டு அச்சிட்டுக் கண்ணால் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். 4294967295 அங்கே -1 என்று வந்து உங்களைத்தான் குழப்பும். எதிர்பார்க்கும் விடையைச் சோதிக்கப்படும் கம்பைலரிடமே கேட்டு வாங்கவும் கூடாது. இன்னொரு கம்பைலரோ, பெரிய எண் கணக்குத் தெரிந்த வேறொரு மொழியோ போதும். எல்லா ஆப்டிமைசேஷன் (நிரலை வேகப்படுத்தும்) நிலையிலும் ஓட்டுங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிஸ்மித் என்ற கருவி இப்படித்தான், தானாக நிரல் எழுதிப் பல கம்பைலர்களின் விடையை ஒப்பிடும். 2011-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை 325-க்கு மேற்பட்ட பிழைகளைக் கணக்குக் காட்டியது.

கடைசியாக ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 9223372036854776833. 64 பிட் அன்சைன்ட்டை டபுளாக்கப் பழைய எக்ஸ்86-இல் நேரடிக் கட்டளை இல்லாததால், கம்பைலர் எண்ணைப் பாதியாக்கி, மாற்றி, இரட்டிப்பாக்கும். பாதியாக்கும்போது விழும் கடைசி பிட்டைப் பத்திரமாக ஒட்டிவைத்தால் 9223372036854777856 வரும். மறந்தால் 9223372036854775808 வரும். நான் மறந்திருந்தேன்.