கையடக்க ஜிபிஎஸ்: சோதித்துப் பார்க்கும்போதே நடக்கும் தவறுகள்

புது ஜிபிஎஸ் கருவியை வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஆன் செய்துவிட்டு, ‘சிக்னலே எடுக்கவில்லை’ என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் ஏற்கெனவே மெலிந்தது. கூரை வேறு குறுக்கே நின்றால் என்ன மிஞ்சும்? வெட்டவெளிக்குக் கொண்டுபோங்கள். முதல் தடவையும், கடைசியாகப் பயன்படுத்திய இடத்திலிருந்து பல நூறு கி.மீ. தள்ளி வந்த பிறகும், கருவியை ஒரே இடத்தில் வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். ஆன் செய்த கையோடு நடக்கத் தொடங்கினால் தாமதம்தான் கூடும்.

அதற்காக மைதானத்தில் மட்டும் சோதித்தாலும் போதாது. திறந்த வெளியில் எந்தக் கருவியும் நல்ல பிள்ளைதான். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும், பாறைச் சுவரை ஒட்டியும் பாருங்கள். அங்கே சிக்னல் பாறையில் பட்டுத் தெறித்து வருவதால் இடம் தள்ளிக் காட்டும். திரையில் ‘துல்லியம் 3 மீ.’ என்று வருவது கருவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மதிப்பீடு. அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பாறையின் இடத்தைக் குறித்து வைத்து, மறுநாள் வேறொரு நேரத்தில் அதே பாறையில் போய் நின்று எத்தனை மீட்டர் தள்ளிக் காட்டுகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு என்று நான் சொல்வது, எண்களைத் தவறான வடிவத்தில் உள்ளிடுவதை. ஒருவர் 11 டிகிரி 30 நிமிடம் 30 விநாடி என்று இடம் சொல்கிறார். நீங்கள் 11.3030 என்று தட்டுகிறீர்கள். கருவி மறுப்பே சொல்லாது. ஆனால் சரியான தசம எண் 11.5083. வித்தியாசம் வடக்கு தெற்காக 22 கி.மீ.க்கும் மேல்! எண் வாங்கும்போதே எந்த வடிவம் என்று கேட்டுவிடுங்கள். கையில் பழைய காகித வரைபடம் இருந்தால், அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் டேட்டம் (அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அடிப்படை) எது என்றும் பாருங்கள். கருவியில் பொதுவாக டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டம் இருக்கும். வரைபடம் வேறு டேட்டத்தில் இருந்தால் சில நூறு மீட்டர் வரை பிசகலாம்.

சேர வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் வரும் அம்புக்குறி பெரும்பாலும் நேர்கோட்டைத்தான் காட்டும். நடுவில் ஓடை இருக்கிறதா, செங்குத்துச் சரிவு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. ஆகவே வந்த தடத்திலேயே திரும்பும் வசதியைத் தெரிந்த பாதையில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். டிராக் பதிவு ஆன் ஆகியிருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்ப்பது முக்கியம். பதியாத தடத்தில் திரும்ப முடியாது.

திசைகாட்டியில் ஒரு குழப்பம் உண்டு. காந்தத் திசைகாட்டி இல்லாத மாடல்கள் நீங்கள் நடந்தால்தான் திசை சொல்லும். நின்ற இடத்தில் அம்பு அலைபாயும். அது பழுது இல்லை. காந்தத் திசைகாட்டி உள்ளவற்றை பேட்டரி மாற்றியதும் மறுபடி அளவுத்திருத்தம் (கேலிபரேஷன்) செய்ய வேண்டும், அதுவும் காருக்குப் பக்கத்தில் நின்று செய்யக் கூடாது.

பேட்டரி என்றதும் இன்னொன்று. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், அல்கலைன் 1.5 வோல்ட். செட்டிங்கில் வகையை மாற்றாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் அளவு பொய்யாக இருக்கும். குளிரில் அல்கலைன் சீக்கிரம் படுத்துவிடும்.

பழைய கருவியை வாங்குகிறவர்கள் தேதியையும் பாருங்கள். ஜிபிஎஸ் தேதியை வாரங்களாக எண்ணித்தான் சொல்கிறது. அந்த வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும்; 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியது. அதற்குத் தயாராகாத சில கருவிகள் கிட்டத்தட்ட 20 ஆண்டு பின்னால் தேதி காட்டும். இடம் சரியாகவே இருக்கலாம், ஆனால் டிராக்கில் பதியும் தேதியையும் சூரியன் மறையும் நேரத்தையும் நம்ப முடியாது. அப்டேட் இருந்தால் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.